துறைமுகத்துப் பெண்ணின் வசனம்

டோர்செட் பார்க் பக்கம் போய்ச் செலீன் என்று விசாரித்தால், எந்தச் செலீன் என்று திருப்பிக் கேட்பார்கள். முதியோர் இல்லத்துக் குசினியில் இருபது வருசத்துக்கு மேலாகச் சமைக்கிற செலீன் என்றால் தெரியாது. பாஸ்கு என்கிற யேசுவின் பாடுகள் நாடகத்தில் மாதாவுக்குக் குரல் கொடுக்கிற செலீன் என்றால் கொஞ்சம் யோசிப்பார்கள். 'ரெண்டு கப்பல்காரர் ஒரு பெட்டைக்காக அடிபட்டவையெல்லோ, அந்தச் செலீன்' என்று சொல்லிப் பாருங்கள், முகமெல்லாம் மலர்ந்துவிடும். உங்களை வாசலிலேயே நிற்க வைத்து முழுக்கதையையும் சொல்லித்தான் அனுப்புவார்கள். இந்தச் சனத்தின் வாய்க்குப் போடுவதற்கு ரொறன்ரோவில் எந்தக் கடையிலும் பூட்டு விற்பதில்லை.

அவர்கள் சொல்லுகிற கதை இதுதான். எண்பதுகளின் தொடக்கம். யாழ்ப்பாணத்துக் கரையோர ஊர் ஒன்று. பெயரைச் சொன்னால் ஊர்ச் சங்கத்தார் சண்டைக்கு வருவார்கள், வேண்டாம். கிரேக்கக் கப்பல்களில் வேலைக்குப் போன பொடியள் லீவில் வந்து இறங்கினால் அந்த ஊருக்குப் பெருநாள்தான். கறுப்புக் கண்ணாடியும் வாசனைத் தண்ணியும் தோளில் கசற் ரேடியோவுமாகத் திரிவார்கள். யேசுரட்ணமும் றொனால்ட்டும் ஒரே கப்பலில் போய் ஒரே லீவில் வந்தவர்கள். கப்பலில் யார் உயர ஏறுவது என்று போட்டி, கரையில் யார் கூடக் குடிப்பது என்று போட்டி. அந்தமுறை இரண்டு பேரின் கண்ணும் செலீன்மேல் விழுந்தது. இறங்குதுறையில், ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டு நிற்க, கட்டிப் புரண்டார்கள். றொனால்ட்டுக்கு இரண்டு பல் போனது. யேசுரட்ணத்துக்குப் புருவம் பிளந்தது. கடைசியில் றொனால்ட் தண்ணீருக்குள் விழுந்தான், யேசுரட்ணம் வென்றான். கோயிலில் மூன்று ஞாயிறு அறிவித்தல் வாசித்து, வென்றவனுக்கும் செலீனுக்கும் கலியாணம் நடந்தது.

கேட்கிறவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் ஒரு பெருமூச்சு விடுவார்கள். விடட்டும். அவர்களுக்கென்ன.

கதையில் இல்லாதது ஒன்று இருக்கிறது. சண்டைக்கு முதல்நாள், பூசை முடிந்து வருகிற வழியில், இரண்டு பேரும் செலீனை மறித்தார்கள். யாரைப் பிடிக்கும் என்று இப்பவே சொல்லு என்றார்கள். இருபத்தொரு வயசுப் பெட்டை. கோப்பாய் ஆசிரியர் கலாசாலையில் படிக்க இடம் கிடைத்திருந்தது. அவள் பயந்து அழவில்லை, குனிந்து கொண்டு ஓடவும் இல்லை. நிமிர்ந்து நின்று, ஒருவனைப் பார்த்து, "எனக்கு நீங்களும் வேண்டாம்" என்றாள். மற்றவனைப் பார்த்து, "நீங்களும் வேண்டாம். நான் படிக்கப் போறன்" என்றாள். இரண்டு பேரும் கேட்டார்கள். நன்றாகவே கேட்டார்கள். கேட்டுவிட்டுத்தான் மறுநாள் போய் அடிபட்டார்கள்.

வேண்டாம் என்று சொன்னவளுக்காக எவனாவது மண்டையை உடைப்பானா? உடைத்தார்கள் என்றால், சண்டை அவளுக்காக இல்லை என்றுதானே பொருள். ஆனால் ஊருக்கு அந்தக் கணக்கு விளங்கவில்லை. செலீனின் பெயர் தெருத் தெருவாக இழுபட்டது. இவள் என்னத்தைக் காட்டி அவங்களை இப்படி ஆக்கினாள் என்று மீன் சந்தையில் பேச்சு. அவளுடைய அப்பா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இரண்டு நாள் வெளியே போகவில்லை, மூன்றாம் நாள் நேராக யேசுரட்ணத்தின் வீட்டுக்குப் போய்ச் சம்பந்தம் பேசிவிட்டு வந்தார். கலாசாலை திறந்த அன்று செலீன் மாமியார் வீட்டில் கணவாய் மீன் துப்புரவாக்கிக் கொண்டிருந்தாள்.

அதன் பிறகு என்ன, எல்லோருக்கும் நடந்ததுதான். யுத்தம், கொழும்பு, கனடா. யேசுரட்ணம் இங்கே வந்து பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் நின்றான். செலீன் காலையில் ஒரு குசினி, பின்னேரம் இன்னொரு குசினி என்று ஓடினாள். மகள் ஷரோன் படித்து, கலியாணம் கட்டி, விட்பியில் வீடு வாங்கினாள். யேசுரட்ணம் கெட்ட மனுசன் என்று செலீனே சொல்லமாட்டாள். அடித்ததில்லை. சம்பளத்தை ஒளித்ததில்லை. அதுக்காகக் கோயில் கட்டிக் கும்பிடவா முடியும்?

பிறகு றொனால்ட் வந்து சேர்ந்தார். இப்போது அவர் ஸ்ரௌவ்வில்லில் இருக்கிறார், பெரிய புது வீடு, ஊர்ச் சங்கத்தின் தலைவர். முதன்முதல் இங்கே கண்டபோது இரண்டு ஆம்பிளைகளும் கட்டிப் பிடித்து அழுதார்கள். அன்று தொடங்கிய கூத்து இன்னும் முடியவில்லை. எந்தக் கலியாணவீடு என்றாலும், எந்த ஞானஸ்நானம் என்றாலும், ஒரு மேசையில் இருந்து, இரண்டாவது கிளாசுக்குப் பிறகு, அந்தக் கதையை மாறி மாறிச் சொல்லுவார்கள். ஒருத்தர் புருவத்தைக் காட்டுவார், மற்றவர் கட்டுப்பல்லைக் காட்டுவார். சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். "அன்ரி, யூ வேர் தட் பியூற்றிஃபுல்?" என்று பொடியள் வந்து கேட்பார்கள். அடிபட்டவர்கள் சிநேகிதர், இடையில் நின்றவள் பகிடி. செலீனுக்கு ஒவ்வொருமுறையும் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் கேட்டும் பார்த்தாள். "நான் ரெண்டு பேரையும் வேண்டாம் எண்டு சொன்னனானெல்லோ. அதை மட்டும் ஏன் ஒருக்காலும் சொல்லுறியள் இல்லை?"

யேசுரட்ணம் தேத்தண்ணியை ஊதினான். "அப்பிடிச் சொன்னனியே? எனக்கு நினைவில்லை."

சண்டை நடந்த அன்று யார் மீன்பிடி வலையை எந்தப் பக்கமாகப் போட்டிருந்தார்கள், றொனால்ட் உடுத்திருந்தது என்ன நிறச் சேட்டு, அன்றைக்குக் காற்று எந்தத் திசை, எல்லாம் நினைவிருக்கும். அது மட்டும் இல்லை.

அதைவிட மோசம் ஷரோன். அவள் தன்னுடைய கலியாணத்தில், மைக்கைப் பிடித்து, அம்மாவுக்காக அப்பா சண்டை பிடித்த கதையைச் சொல்லிக் கண் கலங்கியவள். செலீன் அவளை இருத்தி வைத்து உண்மையைச் சொன்னாள். கோப்பாயைச் சொன்னாள், பூசை முடிந்து வந்த வழியைச் சொன்னாள், நம்பாதபோது அழுது திரும்பவும் சொன்னாள். ஷரோன் அம்மாவின் கையைத் தடவிக் கொடுத்தாள்.

"அம்மா, இட்ஸ் ஸோ லோங் அகோ. நீங்கள் இப்ப கோவத்தில யோசிக்கேக்க அப்பிடித் தெரியுது. அப்பாவும் நினைவில்லை எண்டுறார், றொனால்ட் அங்கிளும் அப்பிடி ஒண்டும் இல்லை எண்டுறார். ரெண்டு பேரும் ஏன் பொய் சொல்லப் போகினம்?"

பெற்ற மகள். அன்றைக்குத்தான் செலீனுக்கு உண்மையாகவே நெஞ்சு எரிந்தது. ஊர் என்னத்தையும் சொல்லிவிட்டுப் போகட்டும், ஷரோன் ஒருத்தி நம்பினால் போதும் என்று இருந்தவள். அதுக்கும் வழியில்லாமல் போனது.

இப்படி இருக்கையில்தான் சங்கத்தின் ஆண்டு விழா வந்தது. றொனால்ட்டின் மகன் கிளிபோட், படம் எடுக்கிற படிப்புப் படித்தவன், எங்கேயோ தேடி ஒரு பேசாப் படம் கண்டுபிடித்திருந்தான். நூறு வருசத்துப் பழசு, கறுப்பு வெள்ளை. இரண்டு கப்பல்காரர். துறைமுகத்துக்குத் துறைமுகம் அடிபடுகிறார்கள். பாய்மரத்தில் அடிபடுகிறார்கள், சாராயக் கடையில் அடிபடுகிறார்கள், தீப்பிடித்த கப்பலுக்குள்ளும் விட்டபாடில்லை. நடுவில் சாராயக் கடையில் வேலை செய்கிற ஒரு பெட்டை. கடைசியில் இரண்டு பேரும் கை குலுக்கித் தோளில் கை போட்டுக்கொண்டு கப்பலேற, அவள் கரையில் நின்று கைலேஞ்சியை ஆட்டுவாள்.

இதைச் சும்மா போட்டால் எங்கள் சனம் பத்து நிமிசத்தில் றோல்ஸ் சாப்பிட எழும்பிப் போய்விடும். அதனால் கிளிபோட்டுக்கு ஒரு யோசனை. பாஸ்கு மாதிரிச் செய்வோம் என்றான். எங்கள் பாஸ்குவில் மேடையில் நிற்கிறவர்கள் வாயைத்தான் அசைப்பார்கள். குரல் திரைக்குப் பின்னாலிருந்து வேறு ஆட்கள் கொடுப்பது. மேடையில் நீல முக்காட்டோடு நிற்கிறது ஒரு சின்னப் பெட்டை, கீழே இருக்கிற சனத்தை அழப் பண்ணுகிறது பின்னால் நிற்கிற செலீன். அதில் ஒரு சட்டம் இருக்கிறது. முன்னால் வாய் அசைந்தால் பின்னால் குரல் வந்தே ஆகவேண்டும். சிலுவையே சரிந்தாலும் குரல் நிற்கக்கூடாது.

கப்பல்காரர் இரண்டு பேருக்கும் குரல் றொனால்ட்டும் யேசுரட்ணமும். பெட்டைக்குச் செலீன். வேறு யார்? ஊர்க்கதையும் படக்கதையும் ஒன்றுதானே என்று றொனால்ட்டுக்கு வாயெல்லாம் பல். வசனமும் அவரே எழுதினார். படம் முடிந்ததும் செலீனை மேடையேற்றிப் பொன்னாடை போடுவதாகவும் ஏற்பாடு.

ஒத்திகை ஸ்ரௌவ்வில்லில், றொனால்ட்டின் பேஸ்மன்றில் நடந்தது. செலீன் அன்றுதான் படத்தை முதன்முதல் பார்த்தாள். ஒரு காட்சியில் கப்பல்காரர் இரண்டு பேரும் கையை முறுக்கிக்கொண்டு நிற்க, அந்தப் பெட்டை இடையில் வந்து பேசுகிறாள். பேசுகிறாள், பேசுகிறாள், விரலை நீட்டுகிறாள், மேசையில் அடிக்கிறாள். அதற்குப் பிறகு எழுத்து அட்டை வருகிறது. அதில் ஒரே ஒரு வரி.

"தம்பி, உவள் இவ்வளவு நேரம் கதைக்கிறாள். உந்த ஒரு வரிதானோ?" என்று கேட்டாள் செலீன்.

"மிச்சம் என்ன சொன்னவ எண்டு ஒருத்தருக்கும் தெரியாது அன்ரி," என்றான் கிளிபோட். "எழுதி வைக்கேல்லை."

றொனால்ட் எழுதிக் கொடுத்த வசனத்தில் அந்த இடத்துக்கு இருந்தது இவ்வளவுதான்: ஐயோ, எனக்காக அடிபடாதேங்கோ. அதைத் திருப்பித் திருப்பிச் சொல்லி வாயசைவை நிரப்பட்டாம். செலீன் தாளை மடித்து மேசையில் வைத்தாள்.

"றொனால்ட், நான் ஒண்டும் பெரிசாக் கேக்கேல்லை. ரெண்டு பேரையும் வேண்டாம் எண்டு சொன்னனான் எண்டு இதில ஒரு வரி போடுங்கோ. நடந்ததுதானே."

றொனால்ட் சிரித்தார். "செலீன், சனம் சிரிக்க வருகுது. வழக்குக் கேக்க வரேல்லை."

அவள் யேசுரட்ணத்தைப் பார்த்தாள். யேசுரட்ணம் தன் நகத்தைப் பார்த்தான். "நினைவில்லாத கதையை இப்ப ஏன்? சும்மா கிளறாதை," என்றான்.

விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நொவெம்பர் குளிரில். மண்டபம் நிறைந்த சனம். ஷரோன் விட்பியிலிருந்து புருசன் பிள்ளைகளோடு வந்து முன்வரிசையில் இருந்தாள். திரைக்குப் பின்னால் மூன்று கதிரை, மூன்று மைக், படம் தெரிய ஒரு சின்ன ரீவி. செலீன் நடுவில். படம் ஓடத் தொடங்கினால் மூன்று மைக்கும் கடைசிவரை திறந்தேதான் இருக்கும், ஒருத்தரும் இருமாதேங்கோ என்று கிளிபோட் எச்சரித்துவிட்டுத் தன் மெசினடிக்குப் போனான்.

சும்மா சொல்லக்கூடாது, ஆம்பிளைகள் இரண்டு பேரும் கலக்கினார்கள். "டேய், நான் ஆரெண்டு தெரியுமோடா" என்று றொனால்ட் உறும, "தெரியும், போன துறைமுகத்தில என்னட்டை வாங்கினவன்" என்று யேசுரட்ணம் திருப்பிக் கொடுக்க, மண்டபம் அதிர்ந்தது. அடி விழுகிற ஒவ்வொரு இடத்திலும் சனம் கைதட்டியது. கதிரையில் இருந்தபடி இரண்டு கிழவரும் முட்டியை மடக்கிக் காற்றில் குத்தினார்கள். வேர்த்து விறுவிறுத்து, சின்னப் பொடியள் மாதிரிச் சந்தோசமாக இருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் செலீன் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள். இந்தச் சந்தோசத்துக்கு நான் விறகு என்று நினைத்தாள். நாற்பது வருசமாக எரிந்தும் இவங்களுக்கு இன்னும் குளிர் விடவில்லையே என்று நினைத்தாள்.

அந்தக் காட்சி வந்தது. பெட்டை இடையில் வந்து நின்றாள். வாய் திறந்தாள்.

"நில்லுங்கோ ரெண்டு பேரும்," என்றாள் செலீன். பாஸ்குக் குரல், மண்டபத்தின் கடைசிக் கதிரை வரைக்கும் போகிற குரல். "எனக்காக எண்டு சொல்லாதேங்கோ. நேற்று பூசை முடிஞ்சு வரேக்க என்னை மறிச்சனியள். நான் உங்கடை முகத்தைப் பார்த்து என்ன சொன்னனான்? எனக்கு நீங்களும் வேண்டாம், நீங்களும் வேண்டாம், நான் படிக்கப் போறன் எண்டு சொன்னனான்."

திரையில் அந்தப் பெட்டை விரலை நீட்டினாள். சொல்லி வைத்தது போலப் பொருந்தியது. சனம் பகிடி என்று நினைத்துச் சிரித்தது.

"காது கேட்டது உங்களுக்கு. கேட்டுப்போட்டுத்தான் அடிபடுறியள். அடிபட்டு உங்களில ஒருத்தன்ர பல்லும் ஒருத்தன்ர புருவமும் போகும், எனக்குப் படிப்புப் போகும். பேந்து நீங்கள் ரெண்டு பேரும் கூட்டாளியள். நான் உங்களுக்குக் கதை. வேண்டாம் எண்டு நான் சொன்னனானோ இல்லையோ, சொல்லுங்கோ."

பெட்டை மேசையில் அடித்தாள். இப்போது சிரிப்பு நின்றுவிட்டது. யார் பல், யார் புருவம் என்று எல்லோருக்கும் தெரியுமே. திரையில் மெலிந்த கப்பல்காரன் வாயைத் திறந்தான். அது றொனால்ட்டின் முறை. குரல் வரவில்லை. றொனால்ட் கையால் மைக்கைப் பொத்திக்கொண்டு, எழுதிய தாளை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கப்பல்காரன் சத்தமில்லாமல் வாயை மென்றான். பிறகு தடித்த கப்பல்காரன் வாயைத் திறந்தான். அவனுக்கும் குரல் இல்லை. எங்கள் பாஸ்குவில் ஒருநாளும் குரல் அப்படி நின்றதில்லை.

யேசுரட்ணத்துக்கு வெட்கமும் கோபமும் முட்டிக்கொண்டு வந்தது. மைக் திறந்திருக்கிற எண்ணமே இல்லாமல், செலீனின் பக்கம் குனிந்து, வீட்டில் குசுகுசுப்பதுபோலக் குசுகுசுத்தான்.

"உனக்கென்ன விசரே? சனத்துக்கு முன்னால மானத்தை வாங்குறாய். சொன்னனீதான். கோயில் வளைவில வச்சு ரெண்டு பேருக்கும் சொன்னனீ. ஆர் இப்ப இல்லையெண்டது?"

மண்டபத்தின் நாலு மூலையிலும் இருந்த ஸ்பீக்கர்களில் அது தெளிவாகக் கேட்டது.

கோயில் வளைவு. செலீன் அந்த வளைவைப் பற்றி அவனிடம் ஒருநாளும் சொன்னதில்லை. பூசை முடிந்து வந்த வழி என்றுதான் சொல்லுவாள். இடம் அவளுக்கே மங்கிப் போயிருந்தது, அவனுக்கு மங்கவில்லை. ஒவ்வொரு நாளும் அவள் ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்த்து, நினைவில்லை என்று சொன்ன மனுசன். உண்மை வெளியே வந்தால் மனம் ஆறும் என்று அவள் நினைத்திருந்தாள். ஆறவில்லை. இப்போதுதான் கூடக் கொதித்தது.

அவள் மைக்கைக் கீழே வைத்தாள். குளிர்ச்சட்டையை எடுத்துக்கொண்டு, திரையைச் சுற்றி, வெளிச்சத்துக்கு வந்தாள். பின்னால் படம் ஓடிக்கொண்டிருந்தது, கப்பல்காரர் இருவரும் பேச்சு மூச்சில்லாமல் அடிபட்டார்கள். சனம் குனிந்த தலையோடு இருந்தது. பொன்னாடைத் தட்டோடு நின்ற பெண் வழி விட்டு ஒதுங்கினாள். யேசுரட்ணம் அரக்கப்பரக்கப் பின்னால் ஓடி வந்தான். முன்வரிசையில் மகளைக் கண்டதும் வழக்கமான சிரிப்பை எடுத்து முகத்தில் மாட்டினான்.

"பிள்ளை, அம்மாவுக்குச் சும்மா கோவம். நீ சொல்லன்."

ஷரோன் எழும்பி நின்றாள். முகம் வெளிறியிருந்தது. "அப்பா, யூ டோல்ட் மீ யூ டிட்ன்ற் றிமெம்பர்."

யேசுரட்ணம் புருவத்துத் தழும்பைத் தடவினான். றொனால்ட் திரைக்குப் பின்னாலிருந்து வெளியே வரவே இல்லை.

வாசல் கதவடியில் ஷரோன் அம்மாவைப் பிடித்துவிட்டாள். அழுதுகொண்டே சட்டையின் கையைப் பிடித்தாள். "அம்மா, ஐ ஆம் ஸோ சொறி. இப்பதான் எனக்கு விளங்குது. இப்ப நான் நம்பிறன். வாங்கோ, என்ர வீட்டை போவம், காரில ஏறுங்கோ."

செலீன் அவளுடைய கையை மெதுவாகத்தான் எடுத்துவிட்டாள். ஆனால் குரல் மெதுவாக இல்லை.

"நான் உனக்கு எத்தினை தரம் சொன்னனான், ஷரோன். இருத்தி வச்சுச் சொன்னனான். அழுது சொன்னனான். அப்ப நீ நம்பேல்லை. இண்டைக்கு அவர் ஒருக்காச் சொன்னார், உடன நம்பிப்போட்டாய்."

செலீன் சட்டையின் சிப்பைக் கழுத்துவரை இழுத்து மூடிக்கொண்டு, எல்ஸ்மியர் பஸ் நிற்கிற பக்கமாக நடந்தாள்.